மண்டை ஓட்டு விரிசல்: ஆறும் காலமும் அடுத்தகட்டக் கவனிப்பும்

மண்டை ஓட்டில் விழும் விரிசல், கை கால் முறிவைப் போல ஆறுவதில்லை. கை எலும்பு முறிந்தால் சில வாரங்களில் புது எலும்பு திரண்டு இரு முனைகளையும் பிணைத்துவிடும். மண்டை ஓட்டில் அப்படித் திரள்வது மிகக் குறைவு. விரிசலை முதலில் நார்த்திசு அடைக்கிறது. அதன் பிறகே விளிம்பிலிருந்து எலும்பு மெல்ல வளர்கிறது. கைக்குழந்தைக்குச் சில மாதங்களில் விரிசல் மறைந்துவிடும். பெரியவர்களுக்கோ இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்தும் எக்ஸ்ரேயில் கோடு தெரியலாம். தொந்தரவு எதுவும் இல்லாதவர் அந்தக் கோட்டைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. எலும்புக்கு அடியில் இருக்கும் மூளை, அதன் உறைகள், ரத்தக் குழாய்கள் ஆகியவற்றின் நிலையே முக்கியம்.

உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் கை கால் முறிந்தவர்கள் புத்தூர் கட்டுக்குப் போவதுண்டு. மண்டை ஓட்டுக்கு அப்படிக் கட்டு எதுவும் கிடையாது. எண்ணெய் தேய்ப்பதும் நீவிவிடுவதும் ஆபத்து. இருசக்கர வாகனத்திலிருந்தோ மரத்திலிருந்தோ விழுந்து தலையில் பலத்த அடிபட்டவரை 108 ஆம்புலன்ஸில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதே சரி. அங்கிருந்து தேவைக்கேற்பக் காஞ்சிபுரத்துக்கோ, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது.

சி.டி. ஸ்கேன் மூலம் முறிவின் வகை தெரியவரும். நேர்க்கோட்டு விரிசல் பெரும்பாலும் தானே ஆறும். எலும்பு உள்ளே அமுங்கியிருந்தாலோ, காயம் திறந்திருந்தாலோ அறுவை சிகிச்சை தேவைப்படலாம். மண்டையின் அடித்தளம் முறிந்தால் கண்ணைச் சுற்றியும் காதுக்குப் பின்னாலும் கன்றிப்போகும். மூளையைச் சூழ்ந்த திரவம் மூக்கு அல்லது காது வழியே கசியவும் கூடும். குனியும்போது ஒரு பக்க மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டுவதும், தொண்டையில் உப்புக் கரிப்பதும் இதன் அடையாளங்கள். பலர் இதைச் சளி என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். கசிவு நீடித்தால் மூளைக்காய்ச்சல் வரலாம். மூக்கைச் சிந்துவதும் அடைப்பதும் கூடாது.

வீடு திரும்பிய முதல் இரண்டு நாட்கள் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பியும் எழாத தூக்கம், வலிப்பு, பேச்சுக் குளறல், கை கால் பலவீனம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும். முதியோருக்கும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவோருக்கும் கண்காணிப்பு வாரக்கணக்கில் தொடர வேண்டும். அடிபட்டுச் சில வாரங்கள் கழித்து நடை தள்ளாடினாலோ மறதி கூடினாலோ, அதற்கு வயதின் மேல் பழி போடக் கூடாது. மூளை உறைக்கு அடியில் ரத்தம் மெல்லச் சேர்ந்திருக்கலாம். தக்க நேரத்தில் வெளியேற்றினால் பெரும்பாலும் குணமாகும்.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அரிதாக ஒரு சிக்கல் வரும். விரிசலுக்கு அடியில் மூளை உறையும் கிழிந்திருந்தால், விரிசல் மூடாமல் மாதக்கணக்கில் அகன்றுகொண்டே போகும். தலைக்கு எண்ணெய் வைக்கும்போது தாயின் விரலே இதை முதலில் கண்டுபிடிக்கக்கூடும்: அடிபட்ட இடத்தில் வடியாத மென்மையான வீக்கம், குழந்தை அழுதால் புடைப்பது, விரலுக்கடியில் துடிப்பது. இது தானாக ஆறாது. கிழிந்த உறையை அறுவை சிகிச்சையில் மூட வேண்டும். ஆகவே சிறு குழந்தை நன்றாக விளையாடினாலும், மருத்துவர் சொன்ன நாளில் மறுபரிசோதனைக்கு அழைத்துச் செல்வது அவசியம்.

மூளை வீக்கத்தால் எலும்பின் ஒரு பகுதியை அகற்றியவர்களுக்கு, சில மாதங்கள் கழித்து அதையோ மாற்றுத் தகட்டையோ பொருத்துவார்கள். அதுவரை அந்த இடத்தில் அடிபடாமல் காக்க வேண்டும். வலிப்பு மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. வலிப்பு வந்தவர் வண்டி ஓட்டுவது, மரம் ஏறுவது, கிணற்றில் குளிப்பது ஆகியவற்றை மருத்துவர் அனுமதிக்கும் வரை தவிர்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் பழைய ஸ்கேன் படங்களையும் கொண்டு சென்றால், விரிசல் ஆறுகிறதா அகல்கிறதா என்பதை மருத்துவர் ஒப்பிட்டுச் சொல்ல முடியும்.