பண்ணைப்புரத்துப் பாட்டுக்கு 7.1 எதுக்கு?

எங்க தேனிப் பக்கம் கம்ப்யூட்டர்ல விர்ச்சுவல் சரவுண்ட் போட்டதும் சோதிச்சுப் பார்க்கிறது இளையராஜா பாட்டைத்தான். அவர் பிறந்த பண்ணைப்புரம் பக்கத்துலயே இருக்கே! போட்டுக் கேட்டுட்டு, “என்னங்க, பாத்ரூமுக்குள்ள பாடுற மாதிரி இருக்கு” என்பார்கள். சாஃப்ட்வேர் மேல தப்பில்லை. கொடுத்த பாட்டு அதுக்கு ஏத்ததில்லை, அவ்வளவுதான்.

கம்பம் பள்ளத்தாக்குல ரெண்டு பக்கமும் மலை. கண்ணை மூடிக்கிட்டாலும், இடி மேகமலைப் பக்கமா, கேரள எல்லைப் பக்கமா என்று சொல்லிவிடலாம். இடப்பக்கச் சத்தம் இடது காதுக்கு முதலில் வரும். வலது காதுக்கு வருவதற்குள் அதிகபட்சம் 0.7 மில்லி செகண்ட் தாமதம். தலை மறைப்பதால் சத்தமும் கொஞ்சம் குறையும். முன்னாலா பின்னாலா என்பதைக் காது மடலின் வளைவுகள் காட்டிக் கொடுக்கும். காதுக்குள் மைக் வைத்து இதையெல்லாம் அளந்து வைத்திருக்கிறார்கள். படத்தின் 5.1 ஒலியில் உள்ள ஆறு சேனல்களையும் அந்த அளவுகளின்படி மாற்றி, ரெண்டு காதுக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் விர்ச்சுவல் சரவுண்ட்.

ஆக, மூலத்தில் ஆறு சேனல் இருக்கணும். ‘அன்னக்கிளி’ (1976) மோனோ. ‘பிரியா’ (1978) ஸ்டீரியோ. ரெண்டே சேனல் உள்ள பாட்டில், இல்லாத பின்பக்கத்தை எங்கிருந்து கொண்டுவருவது? எதிரொலிதான் சேரும், குரல் மங்கும். பாட்டுக்கு ஆஃப் செய்துவிடுங்கள் என்பதே என் கட்சி.

படம், கேம் என்றால் கதையே வேற. விண்டோஸ் 11-ல் டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் படத்தை ரைட் கிளிக் செய்து, சவுண்ட் செட்டிங்ஸ் போய், உங்கள் ஹெட்போனைத் தேர்ந்தெடுங்கள். ஸ்பேஷியல் சவுண்ட் பகுதியில் ‘விண்டோஸ் சோனிக் ஃபார் ஹெட்போன்ஸ்’ இருக்கும். இலவசம்தான். டால்பி அட்மாஸுக்குக் காசு கட்டணும். முதலில் இதைப் பாருங்கள், பிறகு யோசிக்கலாம். ஸ்பீக்கரில் இது எடுபடாது. இடது ஸ்பீக்கர் சத்தம் வலது காதுக்கும் போய்க் கணக்கைக் கெடுத்துவிடும்.

படத்தில் நிஜமாகவே 5.1 இருக்கா? விஎல்சியில் படம் ஓடும்போது கண்ட்ரோல்+ஜே அழுத்துங்கள். சேனல்ஸ் என்ற இடத்தில் ‘3எஃப்2ஆர்/எல்எஃப்இ’ என்றிருந்தால் 5.1. ‘ஸ்டீரியோ’ என்றிருந்தால் சரவுண்டை மறந்துடுங்க.

முன்னால் வரவேண்டிய வசனம் உச்சந்தலையில் கேட்கிறதா? அளந்தது வேறொருவர் காது, உங்கள் மடல் வேறு. அப்போது ஈக்வலைசர் ஏபிஓ போட்டு, அதன்மேல் ஹெசுவி போடுங்கள். ரெண்டுமே இலவசம். பலவிதமான அளவுகள் அதில் உண்டு, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம். ஆனால் அதற்கு முன் விண்டோஸ் சோனிக்கை அணைத்துவிடுங்கள். ரெண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் மறுபடியும் பாத்ரூம்தான்.