கந்தல் துணி நோட்டுப் புத்தகம் ஆகிறது!

பிறந்தநாளா, கல்யாணமா? கையால் செய்த தாளில் தைத்த நோட்டு ஒன்றைப் பரிசாகக் கொடுக்கலாமே! புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் 1959-ல் கைக்காகிதத் தொழிற்சாலை தொடங்கினார்கள். மூலப்பொருள் என்ன தெரியுமா? பருத்தித் துணிக் கந்தல்! மரம் வெட்ட வேண்டியதில்லை.

கந்தலில் உள்ள பொத்தானை முதலில் அறுத்து எடுப்பார்கள். துணியைப் பொடியாக வெட்டி, தண்ணீரோடு அரைத்துக் கூழாக்குவார்கள். தொட்டியில் கரைத்த கூழைச் சல்லடைச் சட்டத்தில் அள்ளி ஆட்டினால், தண்ணீர் இறங்கி மெல்லிய ஏடு தங்கும். அதை அழுத்திப் பிழிந்து, உலர்த்தினால் தாள். ஒவ்வொரு தாளுக்கும் இத்தனை கைவேலை! கூலி கூடுவதால் விலையும் கூடுகிறது. அதில் தவறில்லை.

கண்ணைப் பறிக்கும் வண்ணத் தாள் என்றால் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். செய்யும் இடத்தில் சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்கிறார்களா, வாய்க்காலில் விடுகிறார்களா என்று கடைக்காரரைக் கேளுங்கள். வெள்ளைத் துணியில் செய்த வெள்ளைத் தாளுக்குச் சாயமே வேண்டாம்.