காட்டுச்சேவலின் இறகும் டிரவுட் தூண்டிலும்

குளிர்ந்த மலையோடைகளில் வாழும் டிரவுட் மீன், நீரின்மீது விழும் பூச்சிகளை விரும்பி உண்ணும். ஆதலின், தூண்டில் முள்ளில் இறகு, உரோமம், பட்டுநூல் ஆகியவற்றைச் சுற்றிப் பொய்ப்பூச்சி செய்வது மேலைநாடுகளில் ஒரு நுண்கலையாகவே வளர்ந்தது. இக்கலைஞர்கள் பெரிதும் நாடிய பொருள்களுள் ஒன்று, தீபகற்ப இந்தியக் காடுகளில் வாழும் சாம்பல்நிறக் காட்டுச்சேவலின் கழுத்திறகு ஆகும். அதில் மெழுகுத்துளி போன்ற வெளிர்மஞ்சள் புள்ளிகள் உண்டு. சிறுமீன் வடிவத்தில் கட்டப்படும் தூண்டில்களில் அது கண்ணாக அமையும்.

இவ்வழகே பறவைக்குக் கேடாயிற்று. 1902ஆம் ஆண்டிலேயே இறகு ஏற்றுமதிக்குத் தடை விதிக்கப்பட்டும் கள்ளக்கடத்தல் ஓயவில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, இப்பறவையை வேட்டையாடுவதும் இறகை விற்பதும் இன்று குற்றமாகும். பிரிட்டன் முதலிய நாடுகளில் கூண்டில் வளர்க்கப்படும் சேவல்களே இப்போது இத்தேவையை நிறைவு செய்கின்றன. விலை மிகுதியாதலின், சிலர் வேறு இறகில் வண்ணம் தீட்டி ஒப்பேற்றுகின்றனர். இவ்வேறுபாடு மீனுக்குப் புலப்படுமா என்பது ஐயமே.