அறுப்பின் பண்டிகை

அறுப்பின் பண்டிகை என்பது நிலத்தின் விளைச்சலுக்காகவும் உழைப்பின் பயனுக்காகவும் இறைவனுக்கு நன்றி கூறிக் காணிக்கை படைக்கும் கிறித்தவ விழா ஆகும். தமிழ்நாட்டில் தென்னிந்தியத் திருச்சபையினர் இதனைச் சிறப்பாகக் கொண்டாடுகின்றனர். விழா நாள் சபைக்குச் சபை வேறுபடும்.

தோற்றம்

முதற்பலனைப் படைக்கும் வழக்கம் விவிலியத்தில் (யாத்திராகமம் 23:16) கூறப்படுகிறது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர் என்னும் குரு 1843 இல் நடத்திய நன்றி வழிபாடு, விழாவின் தற்கால வடிவத்துக்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது.

காணிக்கையும் ஏலமும்

நெல், வாழைத்தார், பூசணி, தேங்காய், கோழி முதலியவை ஆலயத்தில் படைக்கப்பட்டு, வழிபாட்டுக்குப் பின் ஏலம் விடப்படும். சந்தை விலையைவிடப் பன்மடங்கு கூட்டிக் கேட்பது வழக்கம். எடுத்தவரே பொருளைத் திரும்பக் கொடுக்க, அது மறுபடியும் ஏலத்துக்கு வருவதும் உண்டு. இதனால் பொருளைப் படைத்தவரும் அதனைப் பெற்றவரும் ஒருங்கே கொடையாளர் ஆகின்றனர்.

நகர்ப்புறத்தில்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய சென்னையின் மேற்குப் புறநகர்களில் ஏரிப்பாசன வயல்கள் பெரும்பாலும் குடியிருப்புகளாகவும் ஆலைகளாகவும் மாறிவிட்டன. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964 இல் அமைந்தது. மாத ஊதியமே விளைச்சலாகிவிட்ட இத்தகைய இடங்களில் வீட்டுப் பலகாரங்களும் கடையில் வாங்கிய பொருட்களும் காணிக்கையாகின்றன.

கொடையின் அளவு

ஏலம் வசதியுள்ளோரின் போட்டியாக மாறக்கூடும். எனினும், இரண்டு காசு இட்ட ஏழைக் கைம்பெண்ணின் காணிக்கையே பெரிது என்பது விவிலியப் போதனை (மாற்கு 12:41-44). வயலின் ஓரத்தை அறுக்காமல் எளியவருக்கு விட்டுவிட வேண்டும் என்ற கட்டளையும் (லேவியராகமம் 19:9-10) அறுவடையோடு இணைந்ததே.