காற்றுதான் இங்கே மலை!

சைக்கிளில் ஊர் சுற்றுவது என்றால் பிரெஞ்சு தேசத்தில் மலைப் பாதைதான் நினைவுக்கு வரும். நாலைந்து நண்பர்கள் விடியற்காலையில் புறப்படுவார்கள். ஏறுவார்கள், இறங்குவார்கள். வழியில் ஏதாவது ஒரு கிராமத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இருட்டுவதற்குள் வீடு திரும்புவார்கள். போட்டியும் இல்லை, பரிசும் இல்லை.

இந்தப் பழக்கத்தை அங்கே பரப்பியவர்களில் முக்கியமானவர் பால் டி விவி (1853-1930). "வெலோசியோ" என்ற புனைபெயரில் சைக்கிள் பத்திரிகை நடத்தியவர். மலை ஏற ஒரே பல்சக்கரம் போதாது என்று கியர் மாற்றும் சாதனத்துக்காக ஓயாமல் வாதாடினார். பந்தயக்காரர்கள் லேசில் மசியவில்லை. "டூர் டி பிரான்ஸ்" பந்தயத்தில் அந்தச் சாதனத்துக்கு இடம் கிடைத்தது 1937-ல்தான். அப்போது வெலோசியோ உயிரோடு இல்லை.

அதெல்லாம் சரி, உடன்குடியில் மலைக்கு எங்கே போவது? தூத்துக்குடி மாவட்டத்தின் தெற்குக் கடலோரம் இது. பனையும் மணலும்தான் உண்டு. ஆனால் ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் இங்கிருந்து சைக்கிளில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் போதும். மலை இல்லாத குறை தீர்ந்துவிடும்!

நண்பர்கள் நால்வர் கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூவரிடம் கியர் வைத்த புதுச் சைக்கிள். நாலாமவனிடம் அப்பா காலத்துக் கறுப்புச் சைக்கிள். கருப்பட்டி அடைத்த ஓலைப் பெட்டிகளை ஏற்றிப் பழகிய அகலமான கேரியர் அதில் அப்படியே இருக்கிறது. உடன்குடியிலிருந்து வடக்கே காயாமொழி, அங்கிருந்து திருச்செந்தூர், பிறகு கடலோரமாகக் குலசேகரன்பட்டினம், மணப்பாடு, திரும்ப உடன்குடி. எல்லாம் சேர்த்துச் சுமார் 50 கிலோமீட்டர் வரும்.

சிவப்பு மணல்

காயாமொழிப் பக்கம் நெருங்கும்போதே மண்ணின் நிறம் மாறிவிடுகிறது. செங்கல் பொடியைக் கொட்டிப் பரப்பியது போன்ற மணல் மேடுகள். இதுதான் தேரி. மணலின் மேல் படிந்த இரும்புத் துருதான் இந்தச் சிவப்புக்குக் காரணம். 1956-ல் சாய்னர், ஆல்சின் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இந்தத் தேரிகளில் கிடைக்கும் சின்னஞ்சிறு கல் ஆயுதங்களைப் பற்றி எழுதினார்கள். கற்கால மனிதனும் இந்த மணலில் கால் புதைய நடந்திருக்கிறான்!

தார் ரோட்டை விட்டு இறங்கினால் கியர் வைத்த சைக்கிளுக்கும் வைக்காத சைக்கிளுக்கும் வித்தியாசம் கிடையாது. நாலும் புதைகின்றன. டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் சிறிது தூரம் உருளும். அப்புறம் தள்ளத்தான் வேண்டும். போதாக்குறைக்கு உடைமுள் வேறு. பஞ்சர் ஒட்டும் சாமான் இல்லாமல் இந்தப் பக்கம் வருவது வீண் தைரியம்.

இங்கேதான் கற்குவேல் அய்யனார் கோயில் இருக்கிறது. கார்த்திகை மாதக் கடைசியில் நடக்கும் கள்ளர்வெட்டுத் திருவிழாவுக்கு வருகிறவர்கள் இந்தத் தேரி மணலைத்தான் பிரசாதமாக வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள்.

காலை வேளையில் பனங்காட்டில் பதநீர் இறக்குகிறார்கள். பட்டையில் ஊற்றி நீட்டுகிறார் ஒரு பெரியவர்.

"என்ன தம்பி, விடியுமுன்னே இம்புட்டுத் தூரம்?"

"சும்மா சுத்திப் பாக்க வந்தோம், அண்ணாச்சி."

"சும்மாவா!" என்று சிரித்துவிட்டு அடுத்த மரத்தைப் பார்க்கப் போகிறார்.

அவர் சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. காலையும் மாலையும் மரம் மரமாக ஏறி இறங்குகிறவருக்கு முன்னால் மலை ஏறிய பெருமையை யார் பேச முடியும்? கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். இறக்கியதை உடனே காய்ச்ச வேண்டும். பதம் தப்பாமல் கிண்டிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் காவல் வந்துவிட்டது. மரம் ஏறத்தான் ஆள் குறைந்துகொண்டே போகிறது. மகன் ஏறவில்லை என்றால் அந்த மரங்கள் சும்மாதான் நிற்கும். சீனியைக் கலந்து காய்ச்சிய சரக்கு சந்தையில் மலிவாகக் கிடைக்கும்போது, அசலுக்கு உரிய விலை கொடுக்க மனம் வருகிறவர்கள் எத்தனை பேர்?

எதிர்காற்று

திருச்செந்தூரில் முருகனைக் கும்பிட்டு, இட்டிலி சாப்பிட்டுவிட்டுத் தெற்கே திரும்பும்போதுதான் உண்மையான ஏற்றம் ஆரம்பமாகிறது. ரோடு தட்டையாகத்தான் இருக்கிறது. ஆனால் சைக்கிள் நகர மறுக்கிறது!

தென்மேற்குப் பருவக் காற்று மழையை மலைக்கு மேற்கே கொட்டிவிட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வறண்ட காற்றாகப் பாய்ந்து வருகிறது. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றுவதும், தேரியில் மணலை மேடாகக் குவித்ததும் இந்த மேல்காற்றுத்தான். பகல் ஏற ஏற வேகமும் ஏறும். மலையிலாவது உச்சி என்று ஒன்று கண்ணுக்குத் தெரியும். பின்னால் இறக்கமும் உண்டு. காற்றுக்கு உச்சி ஏது?

கியர்காரர்கள் மூவரும் தலையைக் குனிந்துகொண்டு மிதிக்கிறார்கள். கறுப்புச் சைக்கிள் பின்தங்குகிறது. அரைக் கிலோமீட்டர் தள்ளி ஒரு குரல் காற்றோடு போராடுகிறது: "ஏ மக்கா, மெல்லப் போங்கல!"

சேர்ந்து போவதன் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. முன்னால் போகிறவன் காற்றை உடைக்கிறான். அவன் பின்சக்கரத்தை ஒட்டியே வருகிறவனுக்கு உழைப்பு வெகுவாகக் குறைகிறது. பந்தயத்தில் இதைத் தந்திரமாகக் கையாளுவார்கள், களைத்தவனைக் கழற்றி விடுவதற்கு. நண்பர்கள் அதையே தலைகீழாகச் செய்யலாம். மூவரும் முறை வைத்து முன்னால் போக, கறுப்புச் சைக்கிள் எப்போதும் கடைசியில் ஒதுங்கி வரட்டும். வேகம் குறையும்தான். ஆனால் நாலு பேராகக் கிளம்பி மூன்று பேராகப் போய்ச் சேருவதற்கு எதற்கு ஒரு பயணம்?

குலசேகரன்பட்டினம் வந்தால் மூச்சு விடலாம். தசரா நாட்களில் வேஷம் கட்டிய கூட்டத்தால் திணறும் முத்தாரம்மன் கோயில் தெரு, ஆனியில் அமைதியாக இருக்கிறது. 1942-ம் ஆண்டு ஆகஸ்டுப் போராட்டக் காலத்தில் இந்த ஊர் உப்பளத்தில் வெள்ளைக்கார உப்பு அதிகாரி லோன் கொல்லப்பட்டு, அந்த வழக்கு நாடெங்கும் பேசப்பட்டது. இன்று ஊரின் பெயரைச் சொன்னால் ராக்கெட் நினைவுக்கு வருகிறது. இந்தியாவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டும். இங்கிருந்து நேரே தெற்கே கடல்தான், எரிபொருள் மிச்சம். ராக்கெட்டுக்கும் சுற்றுவழி கஷ்டமாக இருக்கிறது!

மணப்பாட்டில்தான் நிஜமான மேடு. கடலுக்குள் மூக்கை நீட்டிய மணற்குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம். 1542-ல் இந்தக் கடற்கரைக்கு வந்த பிரான்சிஸ் சேவியர் தங்கிய குகை கடலைப் பார்த்த பக்கத்தில் இருக்கிறது. சைக்கிளைக் கீழே நிறுத்திவிட்டு நடந்து ஏறுவதே நல்லது. மேலே நின்றால் ஒரு பக்கம் அலை, மறுபக்கம் மீனவர் வீடுகள், அதற்கப்பால் பனைகள். நாள் முழுதும் எதிர்த்து வந்த காற்று வியர்வையை உலர்த்துகிறது.

வீடு திரும்பும் பாதையில் காற்று பக்கவாட்டுக்குப் போய்விடுகிறது. இருட்டுவதற்குள் உடன்குடிக் கடைத்தெருவில் கருப்பட்டிச் சுக்குக் காபி குடித்துவிடலாம்.

மேல்காற்றுக்கு அஞ்சுகிறவர்கள் மார்கழி, தை மாதங்களில் புறப்படலாம். அப்போது வாடைக்காற்று, கடலோர ரோட்டில் பின்னாலிருந்து தள்ளும். ஆனால் பதநீர் கிடைக்காது.