பிள்ளை யாரோடு விளையாடுகிறது? தென்காசி வீடுகள் கேட்க வேண்டிய கேள்வி

"ஏலே, சோறு ஆறிப்போகுது. வந்து சாப்பிடு."

"இந்தா வாரேம்மா. இந்த ஒரு மேட்ச்தான்."

தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் பக்கம் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பல வீடுகளில் நடக்கும் பேச்சு இது. அம்மாவுக்குப் பையன் அடம்பிடிப்பதாகப் படுகிறது. பையனுக்கோ, தன்னை நம்பி மூன்று பேர் நிற்கிறார்கள் என்ற பதற்றம். அந்த மூன்று பேர் யார் என்பது பெரும்பாலும் அம்மாவுக்குத் தெரியாது. ஆன்லைன் விளையாட்டைப் பற்றி நம் வீடுகளில் நடக்கும் சண்டைகள் அத்தனையும் 'எத்தனை மணி நேரம்' என்பதிலேயே சுற்றுகின்றன. 'யாரோடு' என்ற கேள்வி அநேகமாக எழுவதே இல்லை.

பாதியில் ஏன் எழுந்து வர முடியவில்லை?

பிஜிஎம்ஐ எனப்படும் பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியாவை எடுத்துக்கொள்வோம். வழக்கமான ஆட்டத்தில் 100 பேர் வரை ஒரே களத்தில் இறங்குகிறார்கள். நான்கு நான்கு பேராக அணி சேர்ந்து ஆடலாம். கடைசிவரை நின்றால் ஒரு ஆட்டம் அரை மணி நேரம்வரை இழுக்கும். நடுவில் நிறுத்திவைத்துவிட்டுப் பிறகு தொடர முடியாது. ஒருவன் போனைக் கீழே வைத்தால் அவனுடைய அணி மூன்று பேராகக் குறைந்துவிடும். கபடியில் பாடிப் போனவன் பாதியிலேயே வீட்டுக்கு நடையைக் கட்டினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இதுவும். இரண்டு முறை அப்படிச் செய்தால் மூன்றாவது முறை அவனை ஆட்டத்துக்குக் கூப்பிட மாட்டார்கள்.

ஆக, அந்தப் பையனைப் போனோடு கட்டிப்போட்டிருப்பது திரையில் தெரியும் துப்பாக்கிச் சண்டை மட்டும் கிடையாது. ஒரு கூட்டத்தில் தனக்கும் ஓர் இடம் இருக்கிறது என்ற எண்ணமும்தான்.

தடை வந்தது, கூட்டம் கலையவில்லை

2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை இறங்கியது. 2018-ல் பப்ஜி மொபைல் வந்தது. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. பீடி சுற்றிக் குடும்பம் நடத்தும் வீடுகளில்கூட, ஆன்லைன் வகுப்புக்காகக் கடன்பட்டாவது ஒரு ஸ்மார்ட்போன் வாங்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு ஏழாம் வகுப்பில் இருந்தவர்கள் 2025-26-ல் பிளஸ் டூ. பதின்பருவம் முழுவதையும் கையில் போனோடு கடந்த முதல் தலைமுறை என்று இவர்களைச் சொல்லலாம்.

இந்தக் காலத்தில் தடைகளுக்கும் குறைவில்லை. 2020 செப்டம்பர் 2-ல் மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தபோது பப்ஜி போனது. பிள்ளைகள் ஃப்ரீ ஃபயருக்கு மாறினார்கள். 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ வந்தது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயருக்குத் தடை. அதே ஆண்டு ஜூலையில் பிஜிஎம்ஐ-யும் ஆப் ஸ்டோர்களிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதம் திரும்பி வந்தது.

ஒவ்வொரு முறையும் 'அப்பாடா, ஒழிஞ்சது' என்று பெற்றோர் நினைத்தார்கள். ஆனால் ஒன்றாக ஆடிப் பழகியவர்கள் வாட்ஸ்அப் குழுவிலோ டிஸ்கார்டிலோ பேசிவைத்துக்கொண்டு அடுத்த விளையாட்டில் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். விளையாட்டு மாறிக்கொண்டே இருந்தது, கூட்டம் அப்படியே இருந்தது.

வட்டத்தொட்டி சொல்லும் பாடம்

ஒரே ரசனை கொண்டவர்கள் கூடிப் பேசுவதும், அந்தப் பேச்சில் இளையவர்கள் வளர்வதும் இந்த மண்ணுக்குப் புதிது கிடையாது. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் திருநெல்வேலி வீட்டில் நண்பர்கள் கூடிக் கம்பனைப் பேசிய சபைக்கு 'வட்டத்தொட்டி' என்று பெயர். பின்னாளில் அவர் குற்றாலத்தில் குடியேறியபோது ராஜாஜியும் கல்கியும் அங்கே அவரைத் தேடி வந்தார்கள்.

ரசிகமணியால் ஈர்க்கப்பட்ட இளைஞர்களில் இருவர், கோவில்பட்டி அருகே இடைசெவலில் 1923-ல் பிறந்த கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும். கி.ரா.வின் பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. அவர்தான் பிற்காலத்தில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராக இருந்தார். பள்ளிக்கூடம் தராததை நல்ல சேர்க்கை தரும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

கம்பனும் துப்பாக்கி விளையாட்டும் ஒன்றா என்று கேட்கலாம். பேசும் பொருள் ஒன்றல்லதான். ஆனால், தன்னைவிட மூத்தவர்கள் ஒரு விஷயத்தில் மூழ்கிப் பேசுவதைக் கேட்டுக் கேட்டே ஒரு பிள்ளை வளர்கிறது என்பதில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. அந்த மூத்தவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

கூட்டத்திலிருந்து பிறந்த தொழில்கள்

இன்று பிள்ளைகள் ஆடும் பெரிய விளையாட்டுகள் பலவும் இப்படிப்பட்ட ரசிகர் கூட்டங்களில்தான் பிறந்தன. 'கவுன்டர்-ஸ்டிரைக்' 1999-ல் மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு இளைஞர்கள், ஏற்கெனவே இருந்த 'ஹாஃப்-லைஃப்' விளையாட்டை மாற்றியமைத்து உருவாக்கியது. 'டோட்டா'வும் ஒரு நிறுவனம் திட்டம் போட்டுச் செய்ததில்லை. 'வார்கிராஃப்ட் 3' ஆடியவர்கள் ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடர்ந்து வளர்த்தெடுத்தது. பப்ஜியை உருவாக்கிய பிரெண்டன் கிரீனும் அயர்லாந்தைச் சேர்ந்த ஒரு ரசிகராக, பிறருடைய விளையாட்டுகளில் மாற்றம் செய்து பார்த்துத்தான் தொடங்கினார்.

விளையாட்டுக்காரர்கள் பேசிக்கொள்ள 2015-ல் தொடங்கப்பட்டது டிஸ்கார்ட். உலகெங்கும் அலுவலகங்களில் பயன்படும் 'ஸ்லாக்' செயலியின் கதை இன்னும் சுவாரசியம். 'கிளிட்ச்' என்ற ஆன்லைன் விளையாட்டை உருவாக்கிய குழு, தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு கருவி செய்து வைத்திருந்தது. விளையாட்டு ஓடாமல் 2012-ல் மூடப்பட்டது. பேசுவதற்குச் செய்த கருவி பிழைத்துக்கொண்டது.

இதெல்லாம் தென்காசிக்குத் தூரத்துக் கதை இல்லை. மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனத்தின் அலுவலகம் இருக்கிறது. 2011-ல் தென்காசியில் சிறிய அளவில் தொடங்கிய பணி அது. உலகெங்கும் விற்கும் 'ஸோஹோ டெஸ்க்' மென்பொருள் இங்கேதான் உருவானது. கல்லூரிப் பட்டம் இல்லாமலே, பள்ளி முடித்தவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி தரும் ஸோஹோ பள்ளியும் இங்கே உண்டு. நேரில் பார்க்காத ஒருவரோடு எழுத்திலும் குரலிலும் பேசி, வேலையைப் பிரித்துக்கொண்டு, சொன்ன நேரத்தில் முடிப்பது இத்தகைய வேலைகளின் அன்றாடம். நல்ல அணியில் ஆடும் பிள்ளைக்கு அந்தப் பழக்கம் சொல்லிக்கொடுக்காமலே வந்துவிடுகிறது. ஆனால் அது மட்டுமே வேலை வாங்கித் தராது. விளையாடியே சம்பாதித்துவிடலாம் என்பதும் மிகச் சிலருக்கே வாய்ப்பது.

மகனின் நண்பர்களை இறந்த பிறகு அறிந்த பெற்றோர்

'யாரோடு' என்ற கேள்வியின் கனத்தை உணர்த்திய ஒரு சம்பவம் நார்வே நாட்டில் நடந்தது. மாட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞருக்குத் தசைச் சிதைவு நோய். சக்கர நாற்காலிதான் வாழ்க்கை. வெளியே போக முடியாமல் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டிலேயே நாளெல்லாம் கழித்தார். 2014-ல் தன் 25-வது வயதில் இறந்தார். நட்பு, காதல் எதையும் அறியாமலே மகன் போய்விட்டான் என்று பெற்றோர் கலங்கினார்கள்.

அவருடைய வலைப்பதிவில் தந்தை மரணச் செய்தியைப் பகிர்ந்தார். உடனே பல நாடுகளிலிருந்து மின்னஞ்சல்கள் வந்து குவிந்தன. விளையாட்டில் 'ஸ்டார்லைட்' என்ற குழுவில் அவர் பல ஆண்டுகள் இருந்திருக்கிறார். மனம் உடைந்தவர்களுக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார், குடும்பச் சிக்கல்களில் யோசனை சொல்லியிருக்கிறார். அந்தக் குழுவினர் சிலர் வெளிநாடுகளிலிருந்து இறுதிச் சடங்குக்கே வந்து சேர்ந்தார்கள். இந்தக் கதை 2024-ல் ஆவணப்படமாகவும் வந்தது.

மகனை உயிருக்கு உயிராகப் பார்த்துக்கொண்ட பெற்றோர் அவர்கள். அப்படியிருந்தும், அவன் வாழ்க்கையில் பாதியை அவர்கள் அறிந்ததே அவன் போன பிறகுதான்.

மோசமான கூட்டமும் உண்டு

இதன் மறுபக்கமும் தமிழ்நாடு பார்த்ததுதான். யூடியூபில் லட்சக்கணக்கான சந்தாதாரர்களோடு பப்ஜி நேரலை நடத்திவந்த ஒருவர், 2021 ஜூனில் தர்மபுரியில் கைது செய்யப்பட்டார். ஆட்டத்தின்போது பெண்களை ஆபாசமாகப் பேசினார் என்பது அவர்மீதான குற்றச்சாட்டு. அந்த நேரலைகளைப் பார்த்தவர்களில் பள்ளி மாணவர்களும் இருந்தார்கள் என்பதுதான் பெற்றோரை உலுக்கியது.

விளையாட்டில் பழகியவர் படம் அனுப்பச் சொல்வது, தனியாகப் பேசலாம் என்று வேறு செயலிக்கு அழைப்பது, 'ஐடி விற்கிறேன், டைமண்ட் தருகிறேன்' என்று சொல்லி அப்பாவின் யுபிஐ எண்ணைக் கேட்பது எல்லாம் ஆபத்தின் அறிகுறிகள். பெண் பிள்ளைகள் பலர் பெயரை மாற்றிக்கொண்டு, மைக்கை அணைத்துவிட்டுத்தான் ஆடுகிறார்கள். குரல் கேட்டதும் வரும் வசவுகளுக்குப் பயந்துதான் அப்படி.

இதை வீட்டில் சொல்வதற்குப் பிள்ளை தயங்குகிறது. காரணம் எளிது: சொன்னால் போனையே பிடுங்கிவிடுவார்கள். இந்தப் பயத்தைத்தான் ஏமாற்றுபவன் முதலாக்கிக்கொள்கிறான்.

சட்டம் என்ன சொல்கிறது?

2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், இ-ஸ்போர்ட்ஸ், சமூக விளையாட்டு, பணம் கட்டி ஆடும் விளையாட்டு என்று மூன்றையும் பிரித்துப் பார்க்கிறது. முதல் இரண்டுக்கும் அனுமதி உண்டு. பணம் கட்டி ஆடுவதற்கு, அது திறமையோ அதிர்ஷ்டமோ, தடை. அதை நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. இதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றுள்ளன.

தமிழ்நாடு 2025 பிப்ரவரியில் கொண்டுவந்த விதிகளின்படி, நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளில் நுழைய முடியாது, 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அனுமதியே இல்லை. அந்த விதிகள் செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூன் 3-ல் தீர்ப்பளித்தது. தவறான நோக்கத்துடன் 18 வயதுக்குட்பட்டவர்களை இணையம் வழியாக விடாமல் தொடர்புகொள்வது 2012-ன் போக்சோ சட்டப்படி குற்றம்.

நேரக் கட்டுப்பாடு மட்டும் போதுமா? தென்கொரியா 2011-ல், 16 வயதுக்குட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 வரை ஆன்லைன் விளையாட்டு ஆடக் கூடாது என்று சட்டம் போட்டது. அதைப் பத்தாண்டு கழித்துக் கைவிட்டு, நேரத்தைக் குடும்பமே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டது. சீனாவோ 2021-ல் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் தலா ஒரு மணி நேரம் என்று இன்னும் இறுக்கியது. சட்டத்தால் கடிகாரத்தைப் பார்க்க முடியும், பணத்தைப் பார்க்க முடியும். பிள்ளையின் அணியில் இருக்கும் மற்ற மூன்று பேரைப் பார்க்க முடியாது.

எப்போது கவலைப்பட வேண்டும்?

உலக சுகாதார அமைப்பின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் 'விளையாட்டுக் கோளாறு' இடம்பெற்றிருக்கிறது. அதற்கு மூன்று அடையாளங்கள்: ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டமே முக்கியமாவது, கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தும் தொடர்வது. இவற்றால் படிப்பும் உறவும் உடல்நலமும் கெட்டு, அந்த நிலை சாதாரணமாக 12 மாதங்கள் நீடித்தால்தான் கோளாறு என்கிறார்கள். சனிக்கிழமை நான்கு மணி நேரம் ஆடியதெல்லாம் நோய் ஆகாது. தூக்கம் கெட்டு, பள்ளிக்கூடம் கசந்து, பழைய நண்பர்களும் விட்டுப்போனால் அப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மனநல ஆலோசனைக்கு 14416, குழந்தைகள் உதவிக்கு 1098, பணம் பறிபோனால் 1930 ஆகிய எண்களை அழைக்கலாம்.

வீட்டில் என்ன கேட்கலாம்?

தெருவில் விளையாடப் போகும் பிள்ளையிடம் நாம் கேட்பதைத்தான் இங்கேயும் கேட்க வேண்டும். "உன் டீம்ல யார் யாரு? எந்த ஊர்க்காரங்க? மூத்தவன் யாரு? யாராச்சும் மோசமாப் பேசினா என்ன பண்ணுவ?" அப்பா வளைகுடாவில் இருக்கும் வீடுகளில் இதை வீடியோ காலிலேயே கேட்கலாம். ஆட்டம் முடிய எத்தனை நிமிடம் என்று தெரிந்துகொண்டு சாப்பாட்டு நேரத்தைப் பேசி வைத்தால் பாதிச் சண்டை குறையும். எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் உறுதி கொடுக்க வேண்டும்: "என்ன நடந்தாலும் எங்ககிட்ட சொல்லு. சொன்னதுக்காகப் போனைப் பிடுங்க மாட்டோம்." கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் வேண்டும்.

குற்றாலத்துக்காரர்களுக்கு இது தெரியாத விஷயமில்லை. வெள்ளம் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டினால் குளிக்கத் தடை போடுகிறார்கள், தண்ணீர் வரத்து குறைந்ததும் அனுமதிக்கிறார்கள். அருவியை நிரந்தரமாக மூடிவிட வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. பிள்ளையைத் தனியாக அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பதும் இல்லை. கூடவே போய், கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறார்கள்.