தோரோ எறிந்த மூன்று கற்கள்

எளிய வாழ்வு என்றதும் துறவியின் காவியுடையோ வறியவனின் குடிசையோ எம் நினைவுக்கு வருதல் இயல்பு. இவ்விரண்டிலும் சேராத ஒருவரைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன்.

அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ, 1845ஆம் ஆண்டு யூலை 4ஆம் நாள், மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் கொன்கோட் ஊரை அடுத்த வோல்டன் குளக்கரையிலே, தாமே கட்டிய சிறுவீட்டிற் குடிபுகுந்தார். அப்பொழுது அவருக்கு வயது 27. வீடு 15 அடி நீளம், 10 அடி அகலம். செலவு 28 டொலர் 12½ சதம். அவர் பயின்ற கல்லூரியிலே ஓர் அறைக்கு மாணவன் கொடுத்த ஓராண்டு வாடகையோ 30 டொலர்!

அவருடைய மேசைமேல் மூன்று சுண்ணக்கற்கள் அழகுக்காக இருந்தன. அவற்றை நாடோறும் தூசு தட்ட வேண்டுமென்று கண்டதும், மனத்திலுள்ள தூசே இன்னும் தட்டப்படவில்லையே என்று வெறுத்து, அவற்றைச் சன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டார். பெண்மணி ஒருவர் கொடுக்க வந்த மிதியடிப் பாயையும், அதை உதற நேரமில்லை என்று மறுத்தார்.

இஃது உலோபமன்று, ஒரு கணக்கு. பொருளொன்றின் விலை பணமன்று, அதற்காக நாம் கொடுக்கும் வாழ்நாளே என்பது அவர் கொள்கை. 30 மைல் தொலைவிலுள்ள ஊருக்குப் புகையிரதக் கட்டணம் 90 சதம். அஃது ஏறக்குறைய ஒருநாட் கூலி. நடப்பவன் இரவுக்குமுன் சென்றடைவான். மற்றவன் அப்பணத்தை உழைத்துத் தேடிய பின்னரே வண்டியேறுவான். ஆண்டுக்கு ஆறு வாரம் உழைத்தால் தம் செலவுக்குப் போதுமென்றும் அவர் கண்டார்.

மீந்த வாரங்கள் எதற்கு? இங்கேதான் அவருடைய சொந்தக் காரணம் ஒன்று மறைந்து கிடக்கிறது. 1839இல் தாமே செய்த படகிலே தமையன் யோனும் அவரும் ஆற்றுப் பயணஞ் சென்றனர். 1842இலே, சவரக் கத்தி கீறிய சிறுகாயத்தால் ஏற்பட்ட ஏற்புவலி யோனைக் கொண்டுபோயிற்று. தம்பியின் கைகளிலேயே அவர் உயிர் பிரிந்தது. அப்பயணத்தை நூலாக்குவதற்கு அமைதியான காலம் வேண்டியிருந்தது. அக்காலத்தையே தோரோ கற்களையும் பாயையும் கொடுத்து வாங்கினார்.

ஒன்றை மறைத்தல் தகாது. நிலம் நண்பர் எமேர்சனுடையது. தாய்வீடு நடந்துபோகும் தூரத்திலே இருந்தது. அங்கே அவர் உணவுண்டதும் உண்டு. மனைவி மக்களும் இல்லை. நேயர்களுள் குடும்பத்தர் எவரேனும் இக்கணக்கை அப்படியே தம் வீட்டிற் புகுத்துவாராயின், அன்றிரவே வழக்கு மூண்டுவிடும்! ஆயினும் எதை விட்டோம் என்பதைவிட எதற்காக விட்டோம் என்று அவரால் சொல்ல முடிந்தது. அதுவே என்னைக் கவர்ந்தது.

இரண்டாண்டு, இரண்டு மாதம், இரண்டு நாள் கழித்து, 1847 செத்தெம்பரில் அவர் அவ்வீட்டை விட்டார். தமையனை நினைந்தெழுதிய நூல் 1849இல் வெளிவந்தது. அச்சிட்ட 1,000 பிரதிகளுள் விலைபோகாத 706 பிரதிகளைப் பதிப்பாளர் 1853இலே திருப்பி அனுப்பினார். தோரோ அவற்றை முதுகிற் சுமந்து மாடிக்கு ஏற்றினார். தம்மிடம் இப்போது ஏறக்குறைய தொளாயிரம் நூல்கள் கொண்ட நூலகம் உண்டென்றும், அவற்றுள் எழுநூற்றுக்கு மேற்பட்டவை தாமே எழுதியவை என்றும் அன்று தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.